நடு அறைக் கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், எனக்கு இருபத்தாறு வயதில், என் வேலை ஒரு டெம்போவில் ஏறி வீட்டுக்கு வந்தது. வேலைக்கு நான் போவதாகத்தான் பேச்சு. ஆனால் என் அண்ணன் அதற்குச் சம்மதிக்கவில்லை.

கப்பலூரில் ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளி அண்ணனோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர். கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிட்டு, அதை இயக்க ஆளில்லாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். நான் இரண்டு தெரு தள்ளி இருந்த பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தேன். மதுரையில் அப்போது அது பெரிய படிப்பு. ஸ்டாக் அட்டைகள் மூன்று அலமாரி நிறைய இருக்கின்றன, அத்தனையும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும், பொங்கலுக்குள் முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி.

"ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும் மாப்ள. கல்யாணம் ஆகாத புள்ள. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாய்ங்க" என்றார் அண்ணன்.

"அம்புட்டுத்தேன? மிஷினை வீட்டுக்கே அனுப்பிர்றேன்" என்றார் முதலாளி.

இரண்டு பேருக்கும் சந்தோஷம். நான் காப்பி டம்ளர்களோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள்.

அண்ணனைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சம்பளத்தில் என்னை பி.எஸ்சி. வரை படிக்க வைத்தவர் அண்ணன். மழைக்கு எனக்குக் குடை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்து போவார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். நல்லவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

கம்ப்யூட்டரை நடு அறையில் வைத்தார்கள். செல்லூரில் எங்கள் சந்து முழுக்க விசைத்தறிகள். பக்கத்து வீட்டில் மட்டும் எட்டுத் தறி. பஞ்சுத் தூசி மிஷினுக்குள் போய்விடக் கூடாது என்று நடு அறையின் ஒரே சன்னலை அண்ணன் சாத்தி, இடுக்குகளில் செய்தித்தாளைக் கஞ்சி தடவி ஒட்டிவிட்டார். செருப்புப் போட்டு உள்ளே வரக் கூடாது. வெற்றிலை போட்டவர்கள் வாசற்படியோடு நிற்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரே மேசை மின்விசிறியையும் அங்கேதான் வைத்தார்கள். காற்று எனக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு. அது சூடாகிவிடுமாம். நான் சூடானால் யாருக்கும் ஒன்றுமில்லை.

கொண்டுவந்து பொருத்திய ஆள் கிளம்பும்போது சொன்னான்: "முன்னால இருக்குற இந்தச் சின்னப் பட்டனை மட்டும் தொட்றாதீங்க சிஸ்டர். தொட்டீங்கன்னா மிஷின் எல்லாத்தையும் மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்." நான் தொடவில்லை. தொடாததால் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனேன்.

மிஷின் வந்த இரண்டாம் நாள் ஆயுத பூஜை. அரிவாள்மனை, சைக்கிள், தையல் மிஷின், அண்ணனின் பேனா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபின் மதினி நடு அறைக்கு வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மதினி என்போம். மேலூர்க்காரர். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க் எடுத்து, டீச்சர் ட்ரெயினிங்குக்கு எழுதிப்போட்ட நேரத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தச் சான்றிதழ் பதினோரு வருடமாக டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை கோயில், வருடத்துக்கு இரண்டு முறை மேலூர். மற்றபடி அவர் வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரை அவர் அதுவரை தொட்டதில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு நெத்தி எது?" என்று கேட்டார்.

"டிவி மாதிரி இருக்கது மேல உக்காந்திருக்கு. கீழ இருக்க பெட்டிதேன் மூளை. அதுல நடுவுல வையிங்க" என்றேன். கல்லில் உரைத்த கெட்டிச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். பெட்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். ஒவ்வொரு அட்டையாக எடுத்துச் சாமான் பெயர், அளவு, எந்தத் தட்டில் இருக்கிறது என்று அடித்துக்கொண்டே போனேன். இருபது அட்டைக்கு ஒருமுறை ஃபிளாப்பியில் சேமிப்பேன். அட்டைகளை மூட்டையாகக் கட்டி வாரம் ஒருமுறை கம்பெனி டெம்போ கொண்டுவரும்.

இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினேழாவது அட்டையை அடித்துக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று கறுத்தது. ஒரு கணம். பிறகு மேல் மூலையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. மிஷின் விழித்தெழும்போது தன் நினைவாற்றலை எண்ணிப் பார்க்கும், அந்த எண்கள். எண்ணி முடித்து 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுத்து, எனக்கு என்ன தெரியும் என்பதுபோல நின்றது. பதினேழு அட்டையும் போயிற்று.

அன்று நான்கு முறை. மறுநாள் ஒன்பது முறை.

இருபதுக்குப் பதில் ஐந்து அட்டைக்கு ஒருமுறை சேமித்தேன். நான்காவதில் விழுந்தது. இரண்டுக்கு ஒருமுறை சேமித்தேன். ஃபிளாப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே விழுந்து, முந்தைய நாள் வேலையையும் சேர்த்துக் கெடுத்தது. இப்படியே அடித்ததையே அடித்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் வாஷர் என்று எத்தனை தரம் அடித்திருப்பேனோ, இப்போதும் தூக்கத்தில் கேட்டால் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்வேன். ஒட்டிய சன்னல், அடைத்த காற்று, சுவருக்கு அந்தப் பக்கம் தடக் தடக் என்று எட்டுத் தறி, இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப முதலிலிருந்து எண்ணும் ஒரு பெட்டி. சில நாள் எண்கள் ஓடும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் மட்டுமல்ல அது. இது போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை என்று தெரிந்திருந்தது.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. முதலில் ஸ்டெபிலைசர் வந்தது. பிறகு எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீசியன் சொன்னதால் கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்த காலம். "மனுசருக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவுக கம்பிக்கு ஊத்தச் சொல்றாக" என்று முணுமுணுத்துக்கொண்டே மதினி ஊற்றினார். திருஷ்டி என்று ஒரு எலுமிச்சம்பழமும் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் மதினி பழைய பொட்டின் மேலேயே புதிதாகச் சந்தனம் வைத்தார். வைத்த பொட்டை எடுக்க மாட்டார். பொட்டை அழிப்பது என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. மத்தியானம் தறிக்காரர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் மிஷின் விழுவதில்லை. அண்ணன் துள்ளிக் குதித்தார். "பாத்தியா பாப்பா, தறி ஓடுறப்ப கரண்டை இழுத்திருது. அதேன்." பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணனிடம் போய்ப் பேசினார். அவர் பாவம், நல்ல மனிதர். "தங்கச்சிக்காகச் செய்யிறேண்ணே. ஆனா தீபாவளிச் சரக்கு நிக்கிது, நானும் பொழைக்கணும்ல" என்று சொல்லி, மத்தியானம் கூடுதலாக அரை மணி நேரம் நிறுத்தினார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் நாள். கிடைத்த நேரத்தில் சோற்றை வலது பக்கம் வைத்துக்கொண்டு, இடது கையால் அடிப்பேன்.

பிறகு சர்வீஸ் ஆள் வந்தார். பெட்டியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டி, உள்ளே இருந்த சர்க்யூட் அட்டைகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். தறி ஓடியது, மிஷின் விழுந்தது. கடைக்கே எடுத்துப்போய் இரண்டு நாள் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தார். ஒருமுறைகூட விழவில்லை. திருப்பிக் கொண்டுவந்தார். பளபளவென்று துடைத்திருந்தார், பொட்டை மட்டும் சுற்றி விட்டிருந்தார். "பூஜை போட்டு வச்ச பொட்டு, அதுல கை வைக்கல சார்" என்றார். அண்ணனுக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்தது. போட்ட கால் மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. "மிஷின் தங்கம் சார். உங்க வீட்டுக் கரண்ட்தான் சரியில்ல" என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் காகிதத்தைப் பார்க்க முதலாளி நேரில் வந்தார். பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம், ஒரு அலமாரிகூட முடியவில்லை. கதவுக்குப் பின்னால் மறுபடி நான், டம்ளர்களோடு.

"மாப்ள, மிஷின் கப்பலூருக்கே வரட்டும். தங்கச்சியும் வரட்டும். ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பொம்பளைக இருக்காக. பஸ்ஸு கேட்டுக்கு நேரா நிக்கிது. முடியாதுன்னா சொல்லிரு, நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். நானும் எம்புட்டு நாளு பொறுக்கிறது?"

அண்ணன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "ஒரு வாரம் பாப்போம். இங்கனயே சரியாச்சுன்னா வீட்டுலயே செய்யட்டும். ஆகலேன்னா அனுப்புறேன். இது என் வாக்கு" என்றார்.

அண்ணன் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். அது எங்கள் சந்துக்கே தெரியும்.

இங்கேதான் என் புத்தியைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் எனக்கு அந்தப் பெட்டியிடம் தோற்கப் பிடிக்கவில்லை. ஒன்றரை மாதமாக என்னை முட்டாளாக்கியிருந்தது. ஏன் விழுகிறது என்று தெரியாமல் அதை அனுப்பினால், வாழ்நாள் முழுக்க அது என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்தே இந்த வீம்பு எனக்கு உண்டு.

புதன்கிழமை காலையில் மிஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிஷின் விழுந்தது. முள் அசையவில்லை. மறுபடி விழுந்தது. முள் இருநூற்று முப்பதில் ஆணி அடித்தது போல நின்றது. காரணம் கரண்ட் இல்லை என்றால் வேறென்ன? மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடக்குக்கும் தண்ணீரின் மேல் ஒரு சிறு வளையம் ஓடியது. தறி கரண்டை இழுக்கவில்லை. மேசையை ஆட்டியது.

ஒரு போர்வையை எட்டாக மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்தது, அரை மணிக்கு ஒருமுறை என்று ஆனது. சரிதான். ஆட்டத்தில் எங்கோ ஏதோ ஒன்று தொட்டுக்கொள்கிறது. விரல் கணுவால் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், தேங்காய் வாங்கும்போது தட்டுவோமே, அந்த மாதிரி. மேலே தட்டினேன், விழவில்லை. இடது பக்கம், வலது பக்கம், விழவில்லை. முன்பக்கம் பொட்டுக்குப் பக்கத்தில் தட்டினேன். திரை கறுத்து எண்கள் ஓடின.

பொட்டைப் பார்த்தேன். ஏழெட்டு வெள்ளிக்கிழமைச் சந்தனம், அடுக்கடுக்காகக் காய்ந்து, கொண்டைக்கடலை அளவுக்குப் புடைத்து நின்றது. அதற்கடியில்தான் அந்தச் சின்னப் பட்டன். தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனானே, அது.

பொட்டில் கை வைக்க எனக்கும் மனம் கூசியது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஓரத்தில் நெம்பினேன். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பட்டனைச் சுற்றி இருந்த இடுக்கு முழுக்க அடைத்துக்கொண்டு, பட்டனைப் பாதி அமுக்கிய நிலையில் பிடித்து வைத்திருந்தது. முழுக்கச் சுரண்டி எடுத்ததும் அது 'டிக்' என்று வெளியே வந்தது. எவ்வளவு சின்னச் சத்தம்!

போர்வையை உருவிப் போட்டேன். எட்டுத் தறியும் ஓடின. முப்பது அட்டை அடித்தேன், நாற்பது அடித்தேன். விழவில்லை. மேசையைக் கையால் குலுக்கினேன். விழவில்லை. ஒரு மணி நேரம் ஓடியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. சர்வீஸ் ஆளால் முடியாததை, எலக்ட்ரீசியனால் முடியாததை ஒரு ஹேர்பின்னால் முடித்தேன். "மதினி" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. எதிரே ஒட்டிய சன்னல். செய்தித்தாள் மஞ்சளாகியிருந்தது. இங்கேயே சரியாகிவிட்டால் வீட்டிலேயே செய்யட்டும்.

சரியாகிவிட்டது. இந்த அலமாரி முடிந்தால் அடுத்த அலமாரி டெம்போவில் வரும். பொங்கல் வரும், வேலை நிரந்தரமாகும், நானும் இந்த அறையில் நிரந்தரமாவேன். காற்று கம்ப்யூட்டர் பக்கமே திரும்பியிருக்கும். பட்டனை வெளியே எடுத்து, அந்த இடத்தில் என்னை நானே அமுக்கி வைத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் ரொம்ப யோசிக்கவில்லை. யோசித்தால் தைரியம் போய்விடும். மிஷினை நிறுத்திவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய்ச் சந்தனக் கல்லை எடுத்தேன்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "புதங்கிழமை எதுக்கு சந்தனம்?"

"பொட்டு உதிர்ந்துருச்சு மதினி. அதேன் புதுசா வைக்கலாம்னு."

மதினி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையை. நகக்கண்ணில் மஞ்சளாகச் சந்தனத் தூள் இருந்தது. ஹேர்பின் இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

"காலையில இருந்து தறி ஓடுது. ஒரு மணி நேரமா அந்தப் பீப்பு சத்தத்தையே காணோமேன்னு பாத்தேன்" என்றார்.

ஹேர்பின்னைத் தலையில் செருகிக்கொண்டேன். கணக்கில் நல்ல மார்க் எடுத்தவர் அவர்.

வெங்காயத்தைத் தள்ளிவைத்து, கையைக் கழுவி, கல்லை என் கையிலிருந்து வாங்கினார். தண்ணீரை ஒரு சொட்டுக்கு மேல் விடாமல், களிமண் பதத்துக்குச் சந்தனம் உரைத்தார். முன்னால் நடந்து நடு அறைக்குப் போனார். பெட்டியின் முன்னால் குனிந்து, வெறும் பட்டனை முதல் தடவையாகப் பார்த்தார்.

"இதுதேனா?"

"ம்."

கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை எடுத்து, பட்டன் மேல் வைத்து, தன் பலம் முழுவதையும் கொடுத்து அமுக்கினார். சுற்றி இருந்த இடுக்கையெல்லாம் பூசி அடைத்தார். பிறகு நிதானமாக நடுவில் குங்குமம் வைத்தார். "இம்புட்டுப் போதுமா?" என்று கேட்டார். நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். "ஏ புள்ள, சத்தம் போடாத. பொட்டு வச்சதுக்கு யாராச்சும் அழுவாகளா?" என்றார்.

அடுத்த நான்கு நாள் மிஷின் விழவில்லை. எழுந்தால்தானே விழ? முழுக்க அமுங்கிய பட்டன் அதை ஆரம்பிக்கவே விடவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு ஸ்டெபிலைசரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். வாரம் முடிந்தது. "சரி, இதுக்கு நம்ம வீடு ஒத்துக்கல" என்று டெம்போவை வரச் சொன்னார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். முதல் நாள் பஸ்ஸில் கப்பலூர் வரை கூட வந்து, ஆபீஸில் இருந்த இரண்டு பெண்களையும் பார்த்துப் பேசிவிட்டு, மனதே இல்லாமல் திரும்பிப் போனார். அவர் போகும் வரை காத்திருந்து ஹேர்பின்னை எடுத்தேன். அந்த மிஷின் அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடியது. "பாத்தீகளா, எல்லாம் கரண்டுதேன்" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன் மேல் தேவையில்லாமல் பழி போட்டோமே என்று மட்டும் உறுத்தும்.

அந்த முதல் நாள் காலையில் நான் செருப்பை மாட்டும்போது மதினி நிலைப்படி வரை வந்தார். அதே சந்தனத்தில் எனக்கும் ஒரு பொட்டு வைத்தார். "வாரேன் மதினி" என்றேன்.

"சாயங்காலம் வந்ததும் எல்லாத்தையும் சொல்லணும். பஸ்ஸு எந்தப் பக்கமாப் போச்சு, சன்னல்ல என்ன தெரிஞ்சுச்சு, அந்த ரெண்டு பொம்பளைக என்ன சோறு கொண்டாந்தாக, ஒண்ணு விடாமச் சொல்லணும்" என்றார்.

சொன்னேன். அன்றும், அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலங்களிலும், நடு அறையில் கம்ப்யூட்டர் இருந்த வெற்று இடத்தில் உட்கார்ந்து மதினி கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த அறையின் சன்னலைக்கூட அவர்தான் ஒருநாள் தண்ணீர் தெளித்து, காகிதத்தை உரித்துத் திறந்துவிட்டார். ஒருநாள் வாங்க மதினி, ஒரே ஒரு நாள் என்னோடு பஸ்ஸில் கப்பலூர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட, அந்த ஆறு வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.